கோடி போகும் ஏரி, கொதிக்கும் கூரை: வாசகர் கேள்வி – பதில்

மழைக்கு ஏங்கும் மாவட்டங்கள் என்று பெயர் வாங்கியவை தருமபுரியும் கிருஷ்ணகிரியும். ஃபெஞ்சல் புயல் மழை கொட்டிய 2024 டிசம்பருக்குப் பிறகு இங்கிருந்து வெள்ளம் பற்றிய கேள்விகளும் வருகின்றன. வெயில், வறட்சி, இடி பற்றிய கேள்விகளும் குறையவில்லை. சட்டென்று கையில் பணமோ, மாற்று இடமோ இல்லாத குடும்பங்களை மனதில் வைத்து எங்கள் வேளாண், நீர் மேலாண்மைக் குழு பதில் சொல்கிறது.

எங்கள் ஊர் ஏரி நிரம்பியபோது கரையின் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் ஊறியது. இளைஞர்கள் அதன்மேல் மண்மூட்டை போட்டு அடைத்தார்கள். பக்கத்திலேயே இன்னும் வேகமாகப் பீறிட்டது. கரைக்குக் கீழே இருபது வீடுகள், எல்லாம் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அடுத்த மழைக்குள் என்ன செய்ய வேண்டும்?
– ஊத்தங்கரை வட்டார வாசகர்

ஊறும் தண்ணீரின் நிறத்தை முதலில் பாருங்கள். தெளிவாக வந்தால் அது வெறும் கசிவு. மண் கரையில் ஓரளவு கசிவு இருக்கத்தான் செய்யும். கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரையின் உள்மண்ணைத் தண்ணீர் அரித்து வெளியே கொண்டுவருகிறது. அந்தத் துளை ஏரிப் பக்கமாகப் பின்னோக்கி வளர்ந்துகொண்டே போகும். ஏரித் தண்ணீரைத் தொட்ட பிறகு கரை உடைய அதிக நேரம் ஆகாது. இரவில் டார்ச் வெளிச்சத்தில் நிறம் சரியாகத் தெரியாது. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் ஆபத்து. அரை மணிக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து, படிவு கூடுகிறதா என்று ஒப்பிடுங்கள்.

படிவு கண்டால் மூட்டை தூக்குவதற்கு முன்பே கீழேயுள்ள இருபது வீடுகளையும் காலி செய்துவிட வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லுங்கள். பிறகுதான் மற்ற வேலை.

ஊற்றின் வாயிலேயே மூட்டையைத் திணித்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் வேறு வழி தேடும். உங்கள் ஊரில் நடந்தது அதுதான். ஊற்றைச் சுற்றி மூன்றடி தள்ளி, கிணற்றுக்கு உறை இறக்கியது போல வட்டமாக மூட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். உள்ளே தண்ணீர் ஏற ஏற, ஏரி மட்டத்துக்கும் இதற்கும் உள்ள உயர வித்தியாசம் குறைந்து ஊற்றின் வேகம் தணியும். மண் வருவது நின்று தெளிந்த தண்ணீர் வரும் உயரத்தில் சுவரை நிறுத்திவிடுங்கள். மேல் வரிசையில் ஒரு மூட்டை அகலம் திறந்து விட்டால் தண்ணீர் அமைதியாக வழிந்து போகும். முழுவதும் நிறுத்தவே கூடாது.

சாக்கில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமல் மண் போடுங்கள். வாய்வரை நிரப்பிய சாக்கு உருண்டு நிற்கும்; இடையில் சந்து விழும். வாயைக் கட்டாமல் மடித்து, மடிப்பு அடியில் வரும்படி வைத்து, செங்கல் கட்டுவது போல இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்துத் தட்டையாக்குங்கள். மூன்றடி உயர வட்டம் ஒன்றுக்கு நூற்றைம்பது மூட்டையாவது பிடிக்கும். காலிச் சாக்கும் மண்வெட்டியும் செப்டம்பரிலேயே ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். கொட்டும் மழையில் சாக்கு தேடி அலைய முடியாது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று பல ஊர்களில் நடக்கிறது. இன்னும் ஓரடி தண்ணீர் பிடிக்கலாமே என்று கோடியில், அதாவது ஏரி நிரம்பியதும் உபரித் தண்ணீர் வழிந்து போகும் இடத்தில், மூட்டை அடுக்குகிறார்கள். வறண்ட ஊரில் அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டியது கோடி மட்டும்தான். அங்கே அடைத்தால் தண்ணீர் மண் கரைமேல் ஏறி வழியும், வழிந்த இடத்தில் கரை கரைந்து ஓடும். கூடுதல் தண்ணீர் வேண்டுமென்றால் கோடையில் தூர் வாருவதுதான் வழி.

மழைக்கு முந்தைய வேலையை ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கும், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறைக்கும் மனு போக வேண்டும். கரையில் எலி வளை, நண்டு வளை இருந்தால் வாயை மட்டும் மூடினால் போதாது. வளை போகும் வரை தோண்டித் திறந்து, ஈரமான களிமண்ணை அரையடிக்கு அரையடி போட்டு இடிக்க வேண்டும். சீமைக்கருவேலத்தை மழைக்கு முன் வேரோடு பிடுங்கிக் குழியை அப்படியே விடாதீர்கள். அது தண்ணீருக்கு நீங்களே வெட்டிக் கொடுக்கும் வழி. கொத்தனாரின் ரசமட்டக் குழாயைப் பிடித்துக் கரையின் தலையை அளந்தால் எங்கே தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். டிராக்டர் ஏறி இறங்கும் இடம்தான் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். மதகுப் பலகையை ஏற்றி இறக்கிப் பார்த்து, கிரீஸ் வையுங்கள். கோடிக்குக் கீழே ஓடை அடைபட்டிருந்தால், ஏரி உடையாமலே வீடுகள் மூழ்கும். அந்த ஓடையையும் நடந்து பாருங்கள்.

எச்சரிக்கை எல்லாம் போனில்தான் வருகிறது. எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டிகளுக்கு யார் சொல்வது? சிவப்பு, ஆரஞ்சு என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?
– அரூரிலிருந்து மகளிர் குழு உறுப்பினர்

மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள் என்று பொருள். 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. தாண்டினால் கனமழை, 11.56 செ.மீ. முதல் மிக கனமழை, 20.45 செ.மீ.க்கு மேல் அதி கனமழை என்று வானிலைத் துறை பிரிக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து உள்ளே வந்தபோது, டிசம்பர் 2 காலை வரையிலான ஒரு நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் தண்ணீர் இழுத்துப் போனது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறோம், புயல் நமக்கில்லை என்ற எண்ணத்தை அன்றோடு விட்டுவிட வேண்டும்.

மழையை நீங்களே அளக்கலாம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை மரமோ கூரையோ மறைக்காத வெட்டவெளியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஆடாமல் வையுங்கள். காலை 8.30 மணிக்கு உள்ளே ஸ்கேலை நிறுத்தி அளந்து, எழுதி வைத்துவிட்டுக் கொட்டுங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு கோடி லிட்டர். மாலைக்குள் டப்பாவில் 6 செ.மீ. நின்று, மழையும் விடவில்லை என்றால், பள்ளத்து வீடுகளை வெளிச்சம் இருக்கும்போதே நகர்த்திவிடுவது நல்லது. அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆட்களுக்குச் சொல்ல, ஒரு தாளில் தெருவின் படம் போட்டுக்கொள்ளுங்கள். முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, நடக்க முடியாதவர் உள்ள வீடுகளைக் குறியுங்கள். எட்டு வீட்டுக்கு ஒரு பெண் பொறுப்பு. அவர் ஊரில் இல்லாத நாளுக்கு மாற்று ஆள் ஒருவர். பல ஊர்களில் மாற்று ஆள் போடாமல் விடுவதால்தான் திட்டம் கவிழ்கிறது. கோயில், மசூதி, தேவாலய ஒலிபெருக்கி மூன்றையும் பயன்படுத்தக் கேட்டு வையுங்கள். மின்சாரம் போய்விடும் என்பதால் பேட்டரி மைக் வைத்த ஆட்டோ ஒன்றும் வேண்டும். தண்டோரா போடுவதை 2022-இல் அரசே நிறுத்தச் சொல்லிவிட்டது. ஒரு சமூகத்து ஆளை மழையில் பறையோடு அனுப்பும் பழக்கம் திரும்ப வரக்கூடாது. தரைப்பாலத்தில் ஓரடித் தண்ணீர் வேகமாக ஓடினாலே பைக்கும் சிறிய காரும் நிலை தவறும். பாட்டியை அழைத்துப் போகும் பாதையில் தரைப்பாலம் இருக்கவே கூடாது.

மழை பொய்த்துச் சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. ஒரு தூறலுக்குப் பிறகு துளிர்த்ததைப் பசு மேய்ந்து, கொஞ்ச நேரத்தில் விழுந்து செத்தது. ஊரில் கண் பட்டது என்கிறார்கள்.
– பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து விவசாயி

சயனைடு நஞ்சு. இளம் சோளப் பயிரில் இயல்பாகவே இருக்கும் ஒரு பொருள், மாட்டின் வயிற்றில் ஹைட்ரோசயனிக் அமிலமாக மாறும். தண்ணீர் இல்லாமல் வாடிய பயிரில் இது கூடும். வாடிக் கிடந்து, மழைக்குப் பிறகு திடீரெனத் துளிர்க்கும் இலையிலும், அறுத்த கட்டையிலிருந்து வரும் மறுதுளிரிலும் மிக அதிகம். யூரியா போட்ட வயல் என்றால் இன்னும் கூடுதல். பசியோடு இருக்கும் மாடு வேகமாக விழுங்கும்போது நஞ்சு ஒரே நேரத்தில் ஏறுகிறது. மூச்சு வாங்கும், நடுங்கும், வாயின் உட்சதை பளிச்சென்று சிவக்கும், பிறகு சாய்ந்துவிடும். சில சமயம் இதெல்லாம் பத்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

அறிகுறி கண்டவுடன் மற்ற மாடுகளை வயலை விட்டு ஓட்டிவிட்டு 1962-க்கு அழையுங்கள். ரத்த நாளத்தில் செலுத்தும் சோடியம் தயோசல்பேட் மருந்து நேரத்தில் கிடைத்தால் மாடு எழுந்துவிடும். கால்நடை மருத்துவர்தான் போட வேண்டும். போனில் பேசும்போதே “சோளம் மேய்ந்த மாடு” என்று சொல்லுங்கள், மருந்தோடு வருவார்கள்.

பூ எடுத்த பிறகே சோளத்தை அறுங்கள். வறட்சியில் நின்ற பயிரை நல்ல வெயிலில் முழுவதும் காயவிட்டுப் போடலாம். அரைகுறையாக வாடியதைப் போடக்கூடாது. மேய விடுவதற்கு முன் வைக்கோலோ கேழ்வரகுத் தாளோ கொடுத்துப் பசியை ஆற்றுங்கள். தருமபுரியில் மரவள்ளி அதிகம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பச்சை மரவள்ளி இலையிலும் தோலிலும் இதே நஞ்சு உண்டு.

தீவனத் தட்டுப்பாட்டுக்கு யூரியா ஊட்டிய வைக்கோல் கை கொடுக்கும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் தண்ணீரில் ஒரு மணிகூட மிஞ்சாமல் கரையுங்கள். வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, பூவாளியால் தெளித்து, மிதித்துக் காற்றை வெளியேற்றி, பாலித்தீன் தாளால் மூடி 21 நாள் விடுங்கள். எடுத்துப் போடும் முன் ஒரு மணி நேரம் காற்றாட வையுங்கள், அம்மோனியா நெடி போகட்டும். கரையாத யூரியா கட்டி ஒன்று போதும், மாட்டைக் கொல்ல. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும், பட்டினி கிடந்த மாட்டுக்கும் இது வேண்டாம்.

கோடையில் போர் தண்ணீர்தான் குடிக்கிறோம். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போய்விடுமா?
– பென்னாகரம் வட்டார வாசகி

போகாது, தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது செறிவு கொஞ்சம் ஏறவே செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்புடையது, 1.5 உச்ச வரம்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. வறட்சியில் போர் ஆழமாக ஆழமாக அளவு மாறலாம் என்பதால் ஒருமுறை சோதித்தால் போதாது. மழைநீரில் ஃப்ளோரைடு கிட்டத்தட்ட இல்லை. 20 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால், சிந்தியது போக 1,600 லிட்டராவது சேரும். குடிக்க, சமைக்க நாளுக்கு 25 லிட்டர் என்றால் ஐவர் குடும்பத்துக்கு இரண்டு மாதம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள், குடிக்கும்போது காய்ச்சுங்கள். கிருமிக்குக் காய்ச்சுவது உதவும்.

சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு. ஏப்ரலில் மதியம் உள்ளே இருக்க முடியவில்லை. படுத்த படுக்கையாக மாமியார் இருக்கிறார். குறைந்த செலவில் என்ன செய்யலாம்?
– பர்கூர் வாசகி

வெள்ளை அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்புவதில் இவ்வளவு மலிவாக வேறொன்றும் இல்லை. ஒரு கிலோ கல்சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர் ஊற்றித் தாளித்து 24 மணி நேரம் விட்டு, துணியில் வடிகட்டுங்கள். தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம். 10 லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு 40 கிராம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் பிடிப்பு வரும். ஷீட்டை முதலில் நனைத்து, மாலையில், மெல்லியதாக மூன்று பூச்சு. தடிமனாக ஒரே பூச்சு அடித்தால் காய்ந்து உரிந்துவிடும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும் பிப்ரவரி கடைசியில் அடிக்க வேண்டும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டாதீர்கள். பறக்கும் இழை நுரையீரலுக்குக் கேடு. நனைத்து மென்மையான துடைப்பத்தால் கழுவினால் போதும். ஷீட்டின்மேல் கால் வைக்கவே கூடாது. அடியில் ஷீட்டைத் தாங்கும் கம்பி ஓடும் இடத்துக்கு மேலாகப் பலகை போட்டு அதன்மேல்தான் நகர வேண்டும். இந்தக் கூரையிலிருந்து குடிக்கத் தண்ணீர் பிடிக்க வேண்டாம்.

உள்ளே, ஷீட்டுக்கு அரையடி கீழே மூங்கில் பாயோ பழைய வேட்டியோ இழுத்துக் கட்டுங்கள். சூடான காற்று வெளியேற உச்சிக்குக் கீழே ஒரு துளை விடுங்கள். அறை 40 டிகிரியைத் தாண்டிய பிறகு மின்விசிறி மட்டும் சுழன்றால் அனல் காற்றைத்தான் உடம்பில் வீசும். அப்போது மாமியாரின் கை, கால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே விசிறியை விடுங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் போனாலோ அது வெப்பவாதம். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத்துணி வைத்து உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரை ஏறும்.

ஆடு மேய்க்கும் அப்பா இடி மழையில் புளியமரத்தடிதான் ஒதுங்குகிறார். எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை.
– அஞ்செட்டி மாணவி

வேறு இடம் காட்டாமல் மரத்தடி வேண்டாம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். மேய்ச்சல் வழியில் கான்கிரீட் கட்டடம், பள்ளிக்கூடம், ஊராட்சிக் கட்டடம் எங்கே என்று இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணச் சொல்லுங்கள்: மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30-க்குள் இடி கேட்டால் அவர் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்தே வெளியே வரலாம். ஏப்ரல், மே மாதங்களில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், அந்த மாதங்களில் காலை மேய்ச்சலை முன்தள்ளினால் பாதி கவலை தீரும்.

தனி மரத்தில் விழும் மின்னல் தண்டிலிருந்து பக்கத்தில் நிற்பவர்மேல் தாவும். தரை வழியாகவும் பரவும். முன்கால், பின்கால் தள்ளி நிற்பதால் ஆடு மாடு கூட்டமாகச் சாகின்றன. ஆட்டைக் கம்பி வேலியோரம் கட்டக்கூடாது. திறந்த வெளியில் மாட்டிக்கொண்டால் பள்ளமான இடத்தில் இரு பாதங்களையும் ஒட்டி வைத்துக் குந்தி உட்கார வேண்டும், படுக்கக் கூடாது. மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. தொட்டால் ஒன்றும் ஆகாது. மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் இரண்டு அங்குலம் இறங்கும்படி, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்திக்கொண்டே இருங்கள். தொட பயந்து நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் காப்பாற்றக்கூடிய உயிர் போகிறது.

குத்தகை நிலத்தில் தக்காளி போட்டேன். மழையில் அழுகிவிட்டது. நிவாரணம் நிலக்காரர் பெயருக்குப் போகும் என்கிறார்கள்.
– பாலக்கோடு விவசாயி

இழப்புக்குப் பிறகு இதைச் சரி செய்வது கடினம். நட்ட உடனே செய்தால் எளிது. நட்ட வாரத்திலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் பதியக் கேளுங்கள். நிலக்காரர் கையெழுத்திட்ட குத்தகைத் தாள் கூட இருக்கட்டும். அடங்கலில் பெயர் வந்தால் உரிமை போய்விடுமோ என்று சில நிலக்காரர்கள் அஞ்சுவார்கள். அப்படிப்பட்டவரிடம், பணம் வந்தால் உங்களுக்கே தருவதாக எழுதி வாங்குவதாவது செய்யுங்கள்.

பேரிடர் நிவாரணத்துக்குப் பயிர் 33 சதவீதமாவது அழிந்திருக்க வேண்டும். ஃபெஞ்சலுக்குப் பிறகு அரசு அறிவித்த அளவு: இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500, பசு அல்லது எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து கணக்கெடுக்க வரும்வரை அழுகிய செடியை முழுதும் பிடுங்கிவிடாதீர்கள். அடுத்த பயிர் போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு மூலையில் சில வரிசைகளை விட்டுவிட்டு, தேதியும் இடமும் பதியும் கேமரா செயலியில் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். இறந்த மாட்டை மருத்துவர் பரிசோதித்துச் சான்று தரும் முன் புதைக்காதீர்கள்.

பயிர்க் காப்பீடு வேறு. தோட்டப் பயிருக்கு உங்கள் பங்கு, காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். உங்கள் பிர்காவில் (வருவாய்க் குறுவட்டத்தில்) தக்காளி அறிவிக்கை செய்யப்பட்டிருக்கிறதா என்று தோட்டக்கலை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். ஆலங்கட்டி மழை, நிலம் மூழ்குதல் போன்று உங்கள் வயலில் மட்டும் நேர்ந்த சேதம், அறிவிக்கையில் அது இருந்தால், 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் பதிவாக வேண்டும். பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு, அடங்கல் நகலின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.